உட்கருவுக்குள் டிஎன்ஏ சேமியா மாதிரி கிடக்கிறதா, இல்லை ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டா?

டியூஷன்அக்கா எழுதியது:

வணக்கம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். நேற்று செல் பாடம். வழக்கம்போல போர்டில் ஒரு பெரிய வட்டம், உள்ளே உட்கரு என்று சின்ன வட்டம், அதற்குள் சேமியா மாதிரி நாலைந்து கோணல் கோடு, நடுவே நியூக்ளியோலஸ் என்று ஒரு புள்ளி. பத்து வருடமாக இதே படம்தான், யாரும் ஒன்றும் கேட்டதில்லை. நேற்று ஒரு பையன் எழுந்து, "அக்கா, ரெண்டு மீட்டர் நூலை இத்தனூண்டு இடத்துல சுருட்டி வச்சா சிக்கு விழாதா? அதுல ஒரு ஜீன் மட்டும் வேணும்னா செல் எப்படித் தேடி எடுக்கும்?" என்று கேட்டான். "அதெல்லாம் என்சைம் பார்த்துக்கும்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

உண்மையாகவே கேட்கிறேன். உட்கருவுக்குள் குரோமோசோம்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றனவா, இல்லை இன்னதற்கு இன்ன இடம் என்று இருக்கிறதா? அப்படி இடம் இருந்தால் அதற்கும் ஜீன் வேலை செய்வதற்கும் சம்பந்தம் உண்டா? கல்லீரல் செல்லிலும் கண் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ, ஆனால் ஒன்று பித்தநீர் சுரக்கிறது, இன்னொன்று வெளிச்சத்தைப் பார்க்கிறது. இது வெறும் ஸ்விட்ச் விஷயமா, மடித்து வைத்திருக்கும் விதத்திலும் ஏதாவது இருக்கிறதா? புத்தகத்தில் இருப்பதையே திரும்பச் சொல்லாமல், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகஎலி எழுதியது:

அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு கடலைமிட்டாய் வாங்கிக் கொடுங்கள் அக்கா. அவன் கேட்டது இரண்டு கேள்வி, இரண்டையும் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன் (நுண்ணோக்கி அறையில், ஏசி குளிரில், போர்வையோடு).

முதலில் இட நெருக்கடி என்கிற கதையைப் பார்த்துவிடுவோம். உட்கருவின் குறுக்களவு 10 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டு அதைப் பத்தாயிரம் மடங்கு ஊதினால் 10 சென்டிமீட்டர், மட்டை உரித்த தேங்காய் அளவு. டிஎன்ஏ அதே கணக்கில் 20 கிலோமீட்டர் ஆகிவிடும், ஆனால் தடிமன் தலைமுடியில் பாதிகூட வராது, அதுவும் 46 துண்டாக. கேட்கும்போது அடைத்துத் திணித்தது போலத் தோன்றும். ஆனால் பெருக்கிப் பாருங்கள்: மனித செல்லில் ஏறக்குறைய 640 கோடி எழுத்து ஜோடி (ஏ, டி, ஜி, சி என்கிற காரங்களைத்தான் எழுத்து என்கிறேன்), ஒரு ஜோடி பிடிக்கும் இடம் சுமார் ஒரு கன நானோமீட்டர், மொத்தத்தையும் சேர்த்தால் ஏழு கன மைக்ரோமீட்டர் அளவுதான் வரும். அந்த உட்கருவின் கொள்ளளவோ 500 கன மைக்ரோமீட்டருக்கு மேல். அதாவது டிஎன்ஏ தனியாகப் பிடிப்பது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு! புரதங்களைச் சேர்த்தால் நெரிசல் கூடும், அது உண்மைதான். ஆனாலும் பிரச்சினை இடம் இல்லை, சிக்கும் தேடலும்தான், உங்கள் மாணவன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான்.

சிக்கு விழுமா? விழும், நிறையவே விழும். அதற்கென்றே டோபோஐசோமரேஸ் 2 என்று ஒரு என்சைம் இருக்கிறது. ஒரு டிஎன்ஏயின் இரண்டு இழையையும் வெட்டி, அந்தச் சந்து வழியாக இன்னொரு டிஎன்ஏயை நுழைத்து விட்டு, வெட்டிய இடத்தை மறுபடி ஒட்டிவிடும். நீங்கள் சமாளிப்பதற்காகச் சொன்ன "என்சைம் பார்த்துக்கும்" இந்த ஒரு விஷயத்தில் அப்படியே சரி! எடோபோசைட் என்கிற புற்றுநோய் மருந்து செய்வதும் இந்த என்சைமை வெட்டிய நிலையிலேயே மாட்டிவிடுவதுதான், வெட்டினது ஒட்டாமல் போனால் வேகமாகப் பிரிகிற செல் தாங்காது.

அடுத்து சுருட்டல். எட்டு ஹிஸ்டோன் புரதம் சேர்ந்த ஓர் உருளை, அதைச் சுற்றி 147 எழுத்து டிஎன்ஏ, ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகம். இதுதான் நியூக்ளியோசோம், புத்தகத்தில் மணிமாலை என்று போட்டிருப்பார்கள், அது சரி. அதற்கு அடுத்த படத்தில் அந்த மணிமாலையை 30 நானோமீட்டர் தடிமனில் அழகாகச் சுருள்வில் மாதிரி சுற்றிக் காட்டுவார்கள் பாருங்கள், அதை மட்டும் அழுத்திச் சொல்லாதீர்கள். சோதனைக் குழாயில் அது வரும். செல்லுக்குள்ளேயே வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, 2017-ல் வந்த ஆய்வு, தெரிந்தது 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறி மாறி வளைந்து நெளிந்த சங்கிலி, ஒழுங்கான சுருளே இல்லை. சில இடத்தில் நெருக்கமாக, சில இடத்தில் தளர்வாக, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கேள்வி, இடம் உண்டா என்பது. உண்டு. 1885-லேயே கார்ல் ராபல் என்பவர் குரோமோசோம்கள் செல் பிரியாத நேரத்திலும் கலந்துவிடாமல் தனித்தனியாகத்தான் இருக்கும் என்று ஊகித்தார், 1909-ல் போவரி அதை ஆட்சிப்பகுதி என்கிற பொருளில் எழுதினார், அப்புறம் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து பார்த்தால் எல்லாம் சேமியா மாதிரி தெரிந்ததால் அந்த யோசனையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மீட்டெடுத்தது ஜெர்மனியில் தாமஸ் கிரெமர், கிறிஸ்டோஃப் கிரெமர் என்கிற அண்ணன் தம்பி. சோதனை எவ்வளவு எளிமை என்று பாருங்கள், எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது இதுதான்: சீன வெள்ளெலி செல்லின் உட்கருவில் ஒரு சின்னப் புள்ளியில் மட்டும் புறஊதா லேசரால் சுட்டார்கள். எல்லாம் கலந்து கிடந்தால் அந்தப் புள்ளி வழியாகப் போகிற எல்லாக் குரோமோசோமிலும் கொஞ்சம் கொஞ்சம் காயம் விழவேண்டும். தனித்தனி இடம் இருந்தால் ஒன்றிரண்டு மட்டும் பலமாக அடிபடவேண்டும். அடிபட்டது சில மட்டும்தான். 1980-களின் தொடக்கத்தில் முடிவு வந்தது, பிறகு ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு நிறம் பூசிப் பார்க்கும் வித்தை வந்ததும் எல்லோரும் கண்ணாலேயே பார்த்தார்கள், நிலப்படம் மாதிரி.

அந்த இடமும் கண்டபடி அமைந்தது இல்லை. மனிதனின் 18-ஆம் குரோமோசோமும் 19-ஆம் குரோமோசோமும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லாதவை. ஆனால் 19-ல் புரதம் செய்யும் ஜீன்கள் ஏறக்குறைய 1,400, 18-ல் 300-க்கும் குறைவு. எடின்பரோவில் 1999-ல் வெள்ளையணுக்களை எடுத்துப் பார்த்தபோது 19 நடுவிலும் 18 ஓரத்திலும் இருந்தன. உட்கரு உறையின் உள்பக்கம் லாமின் என்கிற புரதத்தால் ஆன வலை இருக்கிறது, மொத்த டிஎன்ஏவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த வலையை ஒட்டிக் கிடக்கிறது, அதில் பெரும்பாலும் வேலை செய்யாத ஜீன்கள். கல்லீரல் செல்லில் எது ஓரம் என்பதும் நரம்பு செல்லில் எது ஓரம் என்பதும் ஓரளவு மாறும். ஆக உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: ஸ்விட்சும் உண்டு, மடிப்பும் உண்டு.

பூனைவீடு எழுதியது:

நான் விஞ்ஞானி இல்லை, வீட்டில் ஏழு பூனை. ஆனால் இந்த விஷயத்தை டியூஷன் பிள்ளைகளுக்குக் காட்ட எங்கள் வீட்டு மூன்று நிறப் பூனையைவிட நல்ல மாதிரி கிடையாது என்று அடித்துச் சொல்வேன் அக்கா.

கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாக, நடுவே வெள்ளை. ஆரஞ்சு நிறத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனைக்கு இரண்டு எக்ஸ். குட்டி வயிற்றில் இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை மூட்டை கட்டி ஓரமாகப் போட்டுவிடும், எதைக் கட்டுவது என்பது குருட்டாம்போக்கு, ஆனால் ஒரு தடவை கட்டிவிட்டால் அந்தச் செல்லின் பிள்ளை, பேரப்பிள்ளை எல்லாம் அதையேதான் கட்டும். அதனால்தான் திட்டுத் திட்டாக வருகிறது. (வெள்ளை வேறு ஜீன், அதை இதோடு குழப்பவேண்டாம்.) ஆண் பூனைக்கு ஒரே எக்ஸ் என்பதால் மூன்று நிற ஆண் பூனை மிக அபூர்வம், இருந்தால் பெரும்பாலும் இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் சேர்ந்து பிறந்ததாக இருக்கும்.

இதை முதலில் கண்ணால் பார்த்ததும் பூனையில்தான்! 1949-ல் கனடாவில் முர்ரே பார், எவார்ட் பெர்ட்ராம் என்ற இருவர் பூனையின் நரம்பு செல்லைப் பார்க்கும்போது பெண் பூனைகளில் மட்டும் உட்கருவுக்குள் ஒரு கறுத்த புள்ளி இருப்பதைக் கவனித்தார்கள். அதுதான் பார் உடலம். அது மூட்டை கட்டிய எக்ஸ் என்கிற பொருள் புரிய 1961 ஆனது, மேரி லையான் எலிகளின் ரோம நிறத்தை வைத்துச் சொன்னார்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2001 டிசம்பரில் அமெரிக்காவில் டெக்சாசில் முதல் குளோனிங் பூனை பிறந்தது. தாய், அதாவது செல் கொடுத்தது, ரெயின்போ என்ற மூன்று நிறப் பூனை. குட்டியிடம் ஆரஞ்சு நிறம் ஒரு முடிகூட இல்லை. டிஎன்ஏ அச்சு அசல் அதேதான், ஆனால் எடுத்த செல்லில் ஆரஞ்சு ஜீன் இருந்த எக்ஸ் ஏற்கெனவே மூட்டையில் இருந்தது, குளோன் செய்தும் அது அவிழவில்லை. "என் செல்லத்தை அப்படியே திருப்பிக் கொடுங்கள்" என்று குளோனிங்குக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டவும்.

ஆய்வகஎலி எழுதியது:

பூனைவீடு, அருமை. இரண்டு சேர்க்கை மட்டும். அந்த மூட்டையைக் கட்டுவது எக்ஸ்ஐஎஸ்டி என்கிற ஆர்என்ஏ. ஏறக்குறைய 17,000 எழுத்து நீளம், புரதமே செய்யாது, உட்கருவை விட்டு வெளியேயும் வராது, தான் பிறந்த குரோமோசோமின் மேலேயே பரவிப் படர்ந்து அதை அணைத்துவிடும். அணைந்த எக்ஸ் பெரும்பாலும் உட்கரு ஓரத்திலோ நியூக்ளியோலஸ் பக்கத்திலோ ஒண்டிக்கொள்ளும். முழுசாக அணைந்துவிடுவதும் இல்லை, மனிதரில் சில ஜீன்கள் மூட்டைக்குள் இருந்தும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

அப்புறம் அந்த ஆரஞ்சு ஜீன் எது என்பது ரொம்ப காலம் தெரியாமலே இருந்து 2025-ல்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து வெளியிட்டன. ஏஆர்எச்ஜிஏபி36 என்கிற ஜீன். அந்த ஜீனில் பழுது எதுவும் இல்லை! பக்கத்தில் புரதம் எழுதாத பகுதியில் சுமார் 5,100 எழுத்து விட்டுப்போயிருக்கிறது, அதனால் நிறமிச் செல்லில் வேலை செய்யக்கூடாத ஜீன் வேலை செய்கிறது. அதாவது ஸ்விட்ச்போர்டில்தான் கோளாறு, பல்பில் இல்லை.

சும்மாஒருத்தன் எழுதியது:

மென்பொருள் வேலை பார்க்கிறவன், பொழுதுபோக்காக இதையெல்லாம் படிப்பவன், தப்பென்றால் திருத்துங்கள். ஆய்வகஎலி அண்ணா சொன்னதில் எனக்கு ஒரு உறுத்தல். ஓரத்தில் இருப்பது அணைந்தது, நடுவில் இருப்பது எரிவது, சரி. ஆனால் ஓரத்துக்குப் போனதால் அணைந்ததா, அணைந்ததால் ஓரத்துக்குப் போனதா? எங்கள் அலுவலகத்தில் வேலை இல்லாதவர்கள் எல்லாம் ஜன்னல் ஓரமாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள், அதனால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வேலை போய்விடும் என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று, எலியின் விழித்திரையில் குச்சி செல்களில் இது அப்படியே தலைகீழ் என்று படித்தேனே, ஜெர்மனியில் மியூனிக்கில் 2009-ல் கண்டுபிடித்தது. இரவில் திரியும் பாலூட்டிகளின் குச்சி செல்லில் அடர்த்தியான குரோமாட்டின் (டிஎன்ஏயும் அதைச் சுருட்டிய புரதங்களும் சேர்ந்தது) எல்லாம் நடுவில் ஒரே உருண்டையாகத் திரண்டு, வேலை செய்யும் பகுதிகள் ஓரத்தில் ஒரு வளையமாக இருக்கும். காரணம் கேட்டால் இன்னும் ஆச்சரியம், அப்படி நடுவில் திரண்ட உட்கரு ஒரு குட்டி லென்ஸ் போல ஒளியைக் குவித்து உள்ளே அனுப்புகிறதாம், மங்கிய வெளிச்சத்தில் ஒளி சிதறாமல் இருக்க. பிறக்கும்போது சாதாரணமாக இருந்து பிறந்த பிறகு சில வாரத்தில் இப்படித் திரும்புகிறது. ஓரத்தில் இருந்துகொண்டே அந்த ஜீன்கள் ஜம்மென்று வேலை செய்கின்றன. அப்படியானால் இடம் முக்கியம் என்கிற கட்சி அங்கேயே படுத்துவிட்டதே?

ஆய்வகஎலி எழுதியது:

நியாயமான அடி. நான்தான் மேலே கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன்.

நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2008-ல் சில குழுக்கள் நடுவில் இருந்த ஒரு பகுதியைப் பிடித்து லாமின் ஓரத்தில் கட்டிப்போட்டுப் பார்த்தன. சில ஜீன்கள் மங்கின, சில ஜீன்கள் எனக்கென்ன என்று முன்போலவே வேலை செய்தன. ஆக ஓரம் என்பது தண்டனை அறை இல்லை. அணைக்கக்கூடிய புரதங்கள் அங்கே அதிகமாகக் கூடியிருக்கும் ஒரு பேட்டை, அவ்வளவுதான். சில ஜீனுக்கு அங்கே போனால் காற்று மாறும், சிலதுக்கு மாறாது.

குச்சி செல் விஷயத்தில் இன்னும் ஒரு படி உண்டு. ஓரத்தில் குரோமாட்டினைப் பிடித்துக்கொள்ள இரண்டு கயிறு, லாமின் பி ஏற்பி ஒன்று, லாமின் ஏ வகை இன்னொன்று. இரண்டும் இல்லாத செல்லில்தான் இந்தத் தலைகீழ் வருகிறது. அதாவது அடர்த்தியான குரோமாட்டின் துண்டுகள் ஒன்றையொன்று தானாகவே ஈர்த்துத் திரளும் குணமுடையவை, எண்ணெய்த் துளிகள் ரசத்தின் மேல் சேர்வது போல. கயிறு இருந்தால் ஓரத்தில் திரளும், கயிறை அவிழ்த்தால் நடுவில் திரளும். இரண்டிலும் மாறாதது எது? அடர்த்தியானது அடர்த்தியானதோடும், வேலை செய்வது வேலை செய்வதோடும் சேர்வது. 2009-ல் வந்த ஹை-சி முறை, அதாவது எந்த டிஎன்ஏ எதன் பக்கத்தில் இருக்கிறது என்று மொத்த மரபணுத்தொகுதிக்கும் ஒரே சோதனையில் கணக்கெடுப்பது, அதுவும் இதைத்தான் காட்டியது, இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது என்று. எந்த மூலையில் இருக்கிறாய் என்பதைவிட யாரோடு இருக்கிறாய் என்பது முக்கியம், இப்படித் திருத்திச் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

ஆறாம்விரல் எழுதியது:

மருத்துவமனையில் மரபணு ஆலோசனைப் பிரிவில் வேலை. தத்துவச் சண்டைக்குள் வரவில்லை, "யாரோடு இருக்கிறாய்" என்பதற்கு எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

கை விரல்கள் சரியான எண்ணிக்கையில் வர எஸ்எச்எச் என்கிற ஜீன் கருவில் கை முளைக்கும் இடத்தில், சுண்டுவிரல் வரப்போகும் பக்கத்தில் மட்டும் வேலை செய்யவேண்டும். அதை அங்கே முடுக்கிவிடும் டிஎன்ஏ துண்டு, என்ஹான்சர் என்று சொல்வோம், ஜீனுக்குப் பக்கத்தில் இல்லை. ஏறக்குறைய 10 லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு ஜீனின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. டிஎன்ஏ மடிந்து இரண்டும் கிட்டே வந்தால்தான் வேலை நடக்கும். அந்தத் துண்டில் ஒரே ஒரு எழுத்து மாறினால் கட்டைவிரல் பக்கத்திலும் ஜீன் எரிந்து ஆறாவது விரல் வந்துவிடும். அமெரிக்காவில் கீ வெஸ்ட் தீவில் ஹெமிங்வே வீட்டில் திரியும் ஆறு விரல் பூனைகளுக்கும் காரணம் இதே துண்டுதான் (பூனைவீடு, உங்களுக்காக). பாம்பில் இந்தத் துண்டு பழுதாகிப் போயிருக்கிறது, பாம்பினுடையதை எடுத்து எலியில் மாற்றி வைத்தால் எலிக்குக் கால் குட்டையாகி மொட்டையாக நின்றுவிடுகிறது, 2016-ல் செய்து காட்டினார்கள். ஒரு எச்சரிக்கை: நம் ஊரில் அதிகம் பார்க்கும், அதிர்ஷ்டம் என்று சொல்லப்படும் ஆறாம் விரல் பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கம் வருவது, அதற்குக் காரணங்கள் வேறு. எல்லா ஆறு விரலையும் இதன் தலையில் கட்டாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு என்ஹான்சர் பத்து லட்சம் எழுத்து தாண்டி வேலை செய்யும் என்றால் தப்பான ஜீனைப் போய் முடுக்கிவிடாதா? அதற்குத்தான் வேலி. கோஹெசின் என்கிற வளையப் புரதம் டிஎன்ஏயைப் பிடித்து, ஊசியில் நூலை இழுப்பது போல இரண்டு பக்கமும் இழுத்து வளையத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும், சிடிசிஎஃப் என்கிற புரதம் உட்கார்ந்த இடம் வந்ததும் நின்றுவிடும். இரண்டு வேலிக்கு நடுவே இருப்பவை தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும். 2015-ல் பெர்லின் குழு ஒன்று விரல் குட்டையாகப் பிறக்கும் குடும்பங்களை ஆராய்ந்தது. அவர்களிடம் இபிஎச்ஏ4 என்ற ஜீன் பக்கம் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது, போனதில் வேலியும் சேர்த்தி. விளைவு, இபிஎச்ஏ4-க்கான கை என்ஹான்சர்கள் பக்கத்து வீட்டு பாக்ஸ்3 ஜீனை எழுப்பிவிட்டன. எலியில் அதே துண்டை வெட்டினால் விரல் குட்டை. வேலியை மட்டும் விட்டுவைத்து மீதியை வெட்டினால் விரல் சரியாக வருகிறது! இதைவிடச் சுத்தமான சோதனை கேட்கக்கூடாது.

லாமின் என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. குழந்தைகளுக்கு அகால முதுமை வரும் புரோஜீரியா, அதற்குக் காரணம் லாமின் ஏ ஜீனில் 1824-ஆவது எழுத்து சி போய் டி ஆவது, 2003-ல் கண்டுபிடித்தார்கள். டியூஷன்அக்கா, பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்: அந்த மாற்றத்தால் அமினோ அமிலம் மாறுவதே இல்லை, கிளைசின் கிளைசினாகவே இருக்கிறது, "அமைதியான மாற்றம்" என்று தேர்வில் டிக் போடுவோமே அந்த வகை. ஆனால் ஆர்என்ஏயை வெட்டி ஒட்டும் இடம் தவறிப்போய் புரதத்தில் 50 அமினோ அமிலம் விட்டுப்போகிறது, உட்கரு உறை சுருங்கிக் கோணலாகி ஓரத்தில் இருக்கவேண்டிய குரோமாட்டின் பிடி தளர்கிறது. லோனாஃபார்னிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கிடைத்தது, நோயைத் தீர்ப்பதில்லை, ஆயுளைக் கொஞ்சம் நீட்டுகிறது.

சும்மாஒருத்தன் எழுதியது:

ஆறாம்விரல், அந்த வேலி சோதனை அட்டகாசம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். 2017-ல் மனிதக் குடல் புற்றுநோய் செல்லில் கோஹெசினை முழுக்க அழித்துப் பார்த்தார்களே, வளையங்கள் எல்லாம் மறைந்தன, வேலிகளும் போயின, ஆனால் பெரும்பாலான ஜீன்களின் வேலை அவ்வளவாக மாறவில்லை. 2019-ல் ஹைடெல்பர்க்கில் பழ ஈக்களின் தாறுமாறாக வெட்டி ஒட்டிய குரோமோசோம்களை எடுத்துப் பார்த்தார்கள், வேலிகள் உடைந்திருந்தும் பெரும்பாலான ஜீன்கள் கண்டுகொள்ளவே இல்லை. அப்போ?

ஆய்வகஎலி எழுதியது:

அப்போ இரண்டும் உண்மை. இதை ஒரே வரியில் முடிக்க நினைப்பவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது. அந்த 2017 சோதனை சில மணி நேரம் மட்டும் நடந்தது, ஏற்கெனவே என்ன ஆகவேண்டும் என்று முடிவாகிவிட்ட செல்லில். வீடு கட்டி முடித்த பிறகு சாரத்தைப் பிரித்தால் வீடு விழாது. கை முளைக்கும் கருவில், முடிவு எடுக்கும் அந்த நேரத்தில், தூரத்து என்ஹான்சரை நம்பியிருக்கும் ஜீனுக்கு வளையம் தேவை. எல்லாச் செல்லிலும் எப்போதும் எரிகிற, ஸ்விட்ச் பக்கத்திலேயே வைத்திருக்கிற சாதாரண ஜீனுக்குத் தேவையில்லை, கணக்கில் பெரும்பான்மை இந்த மாதிரி ஜீன்கள்தான், அதனால்தான் மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி தெரிகிறது. இந்தச் சமாதானம் எல்லா ஜீனுக்கும் பொருந்தும் என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன், எங்கள் ஆய்வகத்திலேயே இதில் இரண்டு கட்சி, மதியச் சாப்பாட்டில் சண்டை நடக்கும்.

டியூஷன்அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, மூன்று தடவை படித்தேன், இரண்டாம் தடவைதான் புரிந்தது. ஒரே ஒரு கேள்வி பாக்கி. செல் பிரியும்போது உட்கரு உறையே கரைந்துவிடுகிறதே, குரோமோசோம் எல்லாம் கட்டையாகச் சுருண்டு இரண்டு பக்கமும் இழுபடுகிறது. அதன் பிறகு அதே இடத்துக்கு எப்படித் திரும்பப் போய் உட்காரும்? பூனைவீடு சொன்ன மூட்டை எப்படி மறக்காமல் இருக்கிறது?

இன்னொன்று, நாளைக்கு வகுப்பில் அந்தப் படத்தை மாற்றி வரையப்போகிறேன். 46 நிறத்துக்கு எங்கே போவது, என்னிடம் இருப்பது ஆறு கலர் சாக்பீஸ்.

ஆய்வகஎலி எழுதியது:

அதே நாற்காலிக்குத் திரும்பாது அக்கா. பிரிந்த பிறகு இரண்டு மகள் செல்லிலும் யார் யாருக்குப் பக்கத்து வீடு என்பது தாயிடம் இருந்ததுபோல் இருக்காது, ஓரளவு புதிதாகக் கலைத்துப் போட்ட சீட்டு. ஆனால் 18 ஓரப் பக்கம், 19 நடுப் பக்கம் என்கிற சாய்வு மறுபடி வந்துவிடும், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது இடத்தின் நினைவு இல்லை, டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் அடையாளங்கள். டிஎன்ஏ மேலேயே ஒட்டிய மெத்தில் என்கிற சின்ன வேதித் துணுக்கு, ஹிஸ்டோன் வால்களில் ஒட்டிய மெத்தில், இவை பிரியும்போதும் பெரும்பாலும் கூடவே போகின்றன, இரட்டிக்கும்போது பழையதைப் பார்த்துப் புதியதில் எழுதும் என்சைம்களும் இருக்கின்றன. மூட்டை மறக்காமல் இருப்பதும் இதனால்தான், கூடவே எக்ஸ்ஐஎஸ்டி ஒவ்வொரு செல்லிலும் தொடர்ந்து உருவாகிக்கொண்டே இருக்கிறது.

ஆறு சாக்பீஸ் தாராளம். முதலில் அந்த நியூக்ளியோலஸ் புள்ளியை அழித்துவிட்டுப் பெரிதாக வரையுங்கள், அது தனி உறுப்பும் இல்லை, உறையும் கிடையாது, ரைபோசோம் ஆர்என்ஏ ஜீன்கள் வேலை செய்யும் இடத்தில் தானாகத் திரளும் துளி, செல் பிரியும்போது கரைந்து போய் மறுபடி திரளும். அந்த ஜீன்கள் 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து குரோமோசோம்களின் குட்டைக் கையில்தான் இருக்கின்றன, அதனால் ஐந்து நிறத்தில் ஐந்து திட்டு, அதை மொய்த்தபடி. ஆறாவது சாக்பீஸை 18-க்கு வைத்துக்கொண்டு ஓரத்தில் ஒட்டினாற்போல் ஒரு திட்டு. மீதி எல்லாம் வெள்ளை சாக்பீஸில் போதும், ஆனால் திட்டுத் திட்டாக, தயவுசெய்து சேமியா வேண்டாம்.

பூனைவீடு எழுதியது:

வெள்ளைத் திட்டில் ஒன்றைச் சின்னதாக, நன்றாக அழுத்தி வரைந்து ஓரத்தில் ஒதுக்கி வையுங்கள் அக்கா, பெண் செல் என்று எழுதிவிட்டால் பையன் தானே கேட்பான்.